முதல் ஜெபம்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் யோவேலுக்கு வேலை போய் நாலு மாதமாகிறது. அன்று வீட்டில் அரிசியும் தீர்ந்துவிட்டது. அவன் மனைவி லீதியா முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, முனிரத்தினம் அண்ணன பத்திரமா பாத்துக்கப்பா..."

யோவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி, டெய்லி அவன் பேரயே மொதல்ல சொல்லிக்கினு கீற? என் வேலைய புடுங்கிக்கினவன்டி அவன்! நம்ம ஊட்டுக்கு அரிசி கேக்க மாட்டியா?"

"அரிசி இல்லன்னு கர்த்தருக்குத் தெரியாதா? நம்மள கைவிட மாட்டாரு. ஆனா, நீ நின்ன மெஷின்லதான இப்ப அந்த அண்ணன் நிக்கிறாரு? அவருக்கும் புள்ளைங்க கீதுய்யா."

யோவேல் மெல்ல அவளருகே மண்டியிட்டு, அந்த மெஷினுக்கு மூன்று விரல்களைப் பறிகொடுத்த வலது கையை இடது கையோடு சேர்த்துக் குவித்தான்.