தபால் செலவு

ஆன்லைன் ஏலத்தில் ஜாய்சன் எடுத்த பழைய டச்சுக் காசின் விலை எழுநூறு ரூபாய். அதை ஹாலந்திலிருந்து அனுப்ப இரண்டாயிரம் கேட்டார்கள்.

“ஹார்பர்ல கப்பல் கப்பலா சரக்கு இறக்குதேன். ஒத்தக் காச அனுப்ப ரெண்டாயிரமா? வேண்டாம்னு எழுதிருதேன்.”

“ஆசப்பட்டத விட்ராதீங்க, கட்டுங்க” என்றாள் மனைவி விஜிலா. “கூரியர் வேண்டாம். தபால்லயே அனுப்பச் சொல்லுங்க.”

ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டாலே இறங்கி நடப்பவள் அவள். ஜாய்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் உறை வந்தது. அவன் ஆவலாகக் கிழிக்கப் போனான்.

“ஐயோ, கிழிச்சிராதீங்க!”

உறையைப் பிடுங்கிய விஜிலா, ஒட்டியிருந்த பதினொரு தபால்தலைகளையும் கத்தரித்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள். பள்ளி நாள் ஆல்பத்தைப் பீரோவிலிருந்து எடுத்தாள். அதில் ஹாலந்துப் பக்கம் மட்டும் காலி.

பிறகு மிச்ச உறையை அவனிடம் நீட்டினாள்.

“உள்ள ஏதோ காசு கெடக்கு. உங்களுக்கு வேணுமா?”