சொல்லாமல் கிளம்புவது

தேஹு ரோடு வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. ஸ்ரீவத்சனோடு பாணேர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் செக் நாட்டுக்காரர் நோவாக், மடங்காத காலை எப்படியோ மடக்கித் தரையில் உட்கார்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் கூட வந்த முகம் தெரியாதவர்களிடமும் விடைபெற்றுத்தான் இறங்குவார். அவர்கள் ஊர் மரியாதை அது. "துக்க வீட்டுல சொல்லிண்டு போகப்படாதுன்னு அவர்கிட்ட சொன்னியோடா? கையை நீட்டிண்டு நிக்கப்போறார்" என்று அத்தை ஸ்ரீவத்சன் காதோடு கேட்கிறாள். "சொல்லிட்டேன் அத்தை. அதெப்படி முடியும்னு திரும்பத் திரும்பக் கேட்டார்." அப்பா போனதிலிருந்து பேசாமல் சுவரில் சாய்ந்திருக்கும் அம்மாவின் மனம் இன்னும் நோகக் கூடாதே என்பதுதான் அவன் கவலை. நோவாக் எழுந்து வாசலுக்குப் போகிறார். குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறார்; அவிழ்த்து, மறுபடி கட்டுகிறார். எங்கோ ரயில் தடதடத்து ஓய்கிறது. நிமிர்ந்தவரின் முகம் காதுவரை சிவந்திருக்கிறது. தானாக உயரும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவரைப் போல அவர் படியிறங்கத் திரும்புகிறார். அப்போது புடவை சரசரக்கிறது. அம்மா எழுந்து வருகிறாள். "சரசா, என்ன பண்றே?" என்று அத்தை பதறுகிறாள். அம்மா அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொள்கிறாள். "பாவம், தவிக்கிறார் பாரு. பகவான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்" என்கிறாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாங்கோ."