முறை நாள்

பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டை முதலில் உதைத்தவன் தங்கையன்தான்.

கேட் திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் உதைத்தான். அவ்வளவு கோபம்.

பின்னால் நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். கரைவேட்டிக்காரர்கள், கைலிக்காரர்கள், நடவுச் சேறு காயாத காலோடு நாலைந்து பெண்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு உடம்பு, ஆசை, ஆண் பெண் உறவு என்று ஏதோ புதுப்பாடம் நடக்கிறதாம். அரசாங்கமே புத்தகம் அனுப்பியிருக்கிறதாம். டீக்கடையில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. சொல்லிக் கொடுத்தால் நல்லதுதானே என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் சத்துணவுக்கூடத்து ஞானாம்பாள். அவளையும் அதட்டி உட்கார வைத்தாயிற்று.

தங்கையனுக்கு மற்றவர்களைவிட வயிறு கூடுதலாக எரிந்தது. அவன் மகள் மணிமொழி அந்த வகுப்பில் படிக்கிறாள். வருகிற தையில் அவளுக்கும் அவள் தாய்மாமன் வீரையனுக்கும் கல்யாணம். வாக்குக் கொடுத்த பெண்ணின் மனசை எவளோ ஒருத்தி கலைத்துவிட்டால் அப்புறம் அவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

வீரையனும் தோளோடு தோளாக வந்தான். தங்கையன் கண்ணுக்கு அவன் சொக்கத் தங்கம். தங்கையனின் பெண்சாதி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆற்றிலோ தண்ணீர் இல்லை. வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் விடுகிறார்கள். முறை நாளில் விடிய விடிய மடையில் காவல் கிடக்காவிட்டால் அடுத்தவன் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வீட்டில் பெண் தனியாக இருக்குமே என்று துணைக்குக் கூப்பிட்டால் வீரையன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாமன்தானே, கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே, ஊருக்கென்ன பேச்சு?

தங்கையன் கையில் இருந்தது அவன் அப்பாவின் மூங்கில் கழி. கூலி நெல் அரைமரக்கால் கூடக் கேட்டு, பண்ணையின் அடியாட்களை எதிர்த்து நின்ற காலத்துக் கழி அது. அப்பா அதைப் பெண்பிள்ளை மேல் ஓங்கியதில்லை.

அறிவியல் அறையில் கண்ணாடி ஜாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. படங்களைக் கிழித்து மிதித்தார்கள். புத்தகக் கட்டில் எவனோ தீ வைத்தான். தலைமை ஆசிரியர் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்தப் புதுப்பாடம் நடத்துகிற ஆனந்தவல்லி டீச்சர் மட்டும் நகரவில்லை. எதை உடைத்தாலும் பார்த்துக்கொண்டு நின்றவள், ஒரு பழைய பிஸ்கட் டின்னை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். மூடியில் உண்டியல் மாதிரி ஒரு வாய் வெட்டியிருந்தது. கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியைப் பேர் போடாமல், கிடைத்த காகிதத்தில் எழுதி அதில் போடச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை திறந்து பதில் சொல்வதாக ஏற்பாடு.

"என்னை அடிங்க. இதைக் குடுக்க மாட்டேன். பிள்ளைங்க என்னை நம்பிப் போட்டது."

தங்கையன் அடித்தான்.

முன்கை எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. வளையல் சில்லுகளோடு டின்னும் தரையில் உருண்டது. அம்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

தங்கையனுக்கு எழுத்து வராது. டின்னை எடுத்து வீரையனிடம் நீட்டினான்.

"படி மாப்ள. என்ன அசிங்கம் எழுதியிருக்காளுவன்னு ஊரே கேக்கட்டும்."

வீரையன் பெஞ்சு மேல் ஏறி, மேடைப் பேச்சாளர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். முகப்பரு வந்தால் கெட்ட பெண் என்று அர்த்தமா மிஸ்? தீட்டு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் நிஜமாகவே கெட்டுப்போகுமா மிஸ்? ஆண்கள் ஓவென்று கத்தினார்கள். சேற்றுக்கால் பெண்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாவது சீட்டைப் பிரித்தவன் சட்டென்று அதை மடித்தான்.

"இது ஒண்ணுமில்ல மாமா. வெத்துக் காயிதம்."

கீழே நின்ற தங்கையனுக்குச் சீட்டின் பின்பக்கம் தெரிந்தது. தேதி கிழிக்கிற காலண்டர் தாள். அதில் சிவப்புப் பென்சிலில் ஒரு மண்வெட்டி.

அது அவன் கையால் போட்ட மண்வெட்டி. முறை நாள் எது எது என்று மணிமொழி தாளைத் தூக்கிக் காட்டக் காட்ட, மறந்துவிடக் கூடாதென்று அவனே வரைந்து வைப்பது. கிழித்த தாள்களின் வெற்றுப் பக்கத்தில் அவள் கணக்குப் போட்டுப் பார்ப்பாள்.

வீரையன் சீட்டைக் கசக்கி உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். முகம் வெளிறிக் கிடந்தது.

தங்கையன் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். நெஞ்சில் முட்டியை ஊன்றி, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூன்றாவது விரல் பிரியாமல் முரண்டு பிடித்தது; ஒடித்தான். வீரையன் அலறினான். கூட்டத்தில் ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

கழியைத் தூரப் போட்டுவிட்டு, தாளை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டு டீச்சர் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"படிங்க டீச்சர். எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் வாங்கி அவள் படித்தாள். ஒரே ஒரு வரிதான்.

'மிஸ், முறை நாள் ராத்திரிக்கு மட்டும் நான் உங்க வீட்ல வந்து படுத்துக்கலாமா?'