சமபந்திக்குப் பிறகு

“பேரைச் சொல், காத்தான்! யார் அந்தப் பண்ணைக்காரன்?”

மாணவர் சங்கக் காரியதரிசி தண்டாயுதபாணி மேஜையில் ஓங்கிக் குத்தினான். கூடியிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள்.

காத்தான் தலை குனிந்து நின்றான். அந்தக் காலேஜில் இண்டர்மீடியட் படிக்கும் ஒரே சேரிப் பையன் அவன்.

போன வாரம் சங்கம் நடத்திய சமபந்தி விருந்தில் அவனைத்தான் நடு இலையில் உட்கார வைத்தார்கள். பத்திரிகையில் அவன் பெயர் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊரில், அவன் அப்பன் பாடுபடும் தோட்டத்துப் பண்ணைக்காரர் காதுக்கும் எட்டியது.

மறுநாளே குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். மகன் படிப்பை விட்டுவிட்டு வந்து மாடு மேய்த்தால்தான் அப்பனுக்கு மறுபடி இடமாம்.

“பேரு எதுக்குங்க? நான் ஊருக்குப் போறேனுங்க.”

“உனக்காகத்தானப்பா விருந்தே வைத்தோம்! பேரை மட்டும் சொல். நாளைக்கே அந்த ஆள் வாசலில் மறியல் செய்கிறோம்!”

“வேண்டாமுங்க.”

“பார்த்தீர்களா? கை கொடுத்துத் தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். பி.ஏ. படித்து வாத்தியாராகப் போகிறானாம், கோழை!”

“அடுத்த விருந்துக்கு வேறே ஆள் பாக்கோணுமேடா!” என்றான் பின்பெஞ்சில் ஒருவன். ஒரே சிரிப்பு.

காத்தான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அவனோடு ஒரே பெஞ்சில் படிக்கும் அர்த்தநாரி, கூடவே நடந்தான்.

“விருந்திலே உன் பக்கத்து இலை நான்தானே காத்தான்? எங்க ஊட்லே நாலு வசவோட விட்டுட்டாங்க. உனக்கு மட்டும் ஏண்டா இப்படி?”

“நீங்க எழுந்து போகச் சொந்த ஊடு இருக்குதுங்க.”

“என்னையும் ‘ங்க’ போட்டுப் பேசறியே!”

“பழகிப் போச்சுங்க.”

“வாத்தியாராகி உங்க தெருவிலேயே பள்ளிக்கூடம் வைக்கிறேன்னியேடா...”

“அந்தப் பேச்சு இனி எதுக்குங்க? போய் மாட்டை அவுக்கோணும்.”

பஸ் நிற்கும் இடம் வந்துவிட்டது. அர்த்தநாரிக்கு மனசு ஆறவில்லை.

“எனக்கு மட்டுமாவது சொல்லு. ஆரு அந்த ஆளு?”

“வெளியே சொல்ல மாட்டீங்களே? எங்கப்பனுக்கு வேறே போக்கிடம் இல்லீங்க.”

“சத்தியமா மாட்டேன்.”

“காரியதரிசியோட அப்பாருதானுங்க.”

அர்த்தநாரி திகைத்துப் போனான்.

“தண்டாயுதபாணிக்கு ஊடு இங்கே அஸ்தம்பட்டியிலல்ல?”

“ஊடு இங்கீங்க. தோட்டம் எங்கூர்லீங்க.”

“அடக் கடவுளே! அவனுக்குத் தெரிஞ்சா அப்பன்கிட்டச் சண்டைக்கே போயிருவானே! வா, இப்பவே போய் அவன் காதிலே போட்டுரலாம்!” அர்த்தநாரி கையைப் பிடித்து இழுத்தான்.

காத்தான் நகரவில்லை.

“அவருக்குத் தெரியுமுங்க. கூட்டத்துக்கு முன்னாடி தனியாக் கூப்பிட்டு, ‘நான் சத்தம் போட்டுத்தான் கேப்பேன், நீ வாயைத் தொறந்துராதே’ன்னு சொன்னதே அவர்தானுங்க.”