விரிசல் பலகையில் ஓர் அலை

மார்பளவு நீரில் நிற்கும் அக்கா, நீர் புகாத கேமரா உறையின் முன்கண்ணாடியை நாக்கால் நன்றாக நக்குகிறாள். எச்சில் பட்ட கண்ணாடியில் நீர்த்துளி தங்காது. வாயெல்லாம் உப்பு கரிக்கிறது. எதிரே தங்கை குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் துழாவிக்கொண்டு வருவது அம்மா இளவயதில் அலையேறிச் சறுக்கிய மரப்பலகையின் மேல். அம்மா அதில் நின்றதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. இத்தனை காலம் சுவரில் தொங்கிய பலகையின் நடுவே விரிசல் விட்டிருக்கிறது. இன்னும் ஓர் அலையைத் தாங்கினால் பெரிது. "உடைஞ்சா உடையட்டும்டி, எந்திரிச்சு நில்லு!" என்று கரையிலிருந்து அம்மா தொண்டை கிழியக் கத்துகிறாள். வெயில் ஊடுருவிப் பச்சையாய் எழும்பும் அலையில் தங்கை நிமிர்கிறாள். பலகையின் மூக்கு அக்காவை நோக்கியே திரும்புகிறது. "விலகுக்கா!" என்று தங்கை அலறுகிறாள். "விலக மாட்டேன், நீ வா!" மரம் பிளக்கும் சத்தம் அக்காவுக்கும் கேட்கிறது. அவள் விரல் படமெடுக்கும் பொத்தானை விடவில்லை.