ஸ்டூடியோக் கோட்டு

“இந்தக் கோட்டு யாருடையது?”

அதிகாரி கொச்சைத் தமிழில் மூன்றாவது முறையாகக் கேட்டபோது நான் முழங்காலில் இருந்தேன். துவக்கு முனை என் பிடரியில் இருந்தது.

யாழ்ப்பாணம் பெரியகடையில் எங்கள் கட்டடம் அறுபது வருசத்துப் பழசு. கீழே நடராசாவின் புடவைக்கடை, மேலே என் ஸ்டூடியோ. எண்பத்து நாலாம் ஆண்டு. அன்று காலை ஆமி தெருவின் இரண்டு முனையையும் மறித்துவிட்டுக் கடை கடையாக ஏறி வந்தது. பொடியன்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அகப்பட்டது என்னைப் போன்ற கிழடுகள்தான். மரப்படியில் சப்பாத்துச் சத்தம் மேலே ஏறி வந்தது.

அதிகாரியின் கையில் ஒரு தாள் இருந்தது. தேடப்படும் ஒருவனின் படம் அதில் அச்சாகியிருந்தது. முகத்தில் மை அப்பிக் கிடந்தது. கோட்டு மட்டும் துப்புரவாகத் தெரிந்தது. கறுப்புக் கோட்டு, நடுப் பொத்தான் மட்டும் வெள்ளை.

அதே கோட்டு என் சுவர் ஆணியில் தொங்கியது. வெளிச்சத்துக்காக அப்பா கூரையில் பதித்த கண்ணாடி வழியே வெயில் விழுந்து, அந்த வெள்ளைப் பொத்தான் பளிச்சென்றது.

அவன் இங்கேதான் ஒளிந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு சிப்பாய் கமராவின் கறுப்புத் துணியைக் கிழித்துப் பார்த்தான். அதற்குள் ஒரு பூனைகூட ஒளிய முடியாது. சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு மூத்திரம்தான் வந்தது.

“ஐயா, அது ஒருத்தற்றையும் இல்லை. கடைக் கோட்டு. படம் எடுக்க வாற எல்லாருக்கும் அதைத்தான் போட்டுவிடுறனான்.”

எப்படி நம்புவான்? யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் இரவல் கோட்டில் படம் பிடித்தவர்கள் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியுமா? முன்னுக்குத் துரை, பின்னுக்குத் தொளதொளப்பை இழுத்துப் பிடிக்கக் கிளிப்பு, படத்தில் விழாத கீழ்ப்பாதியில் இடுப்பில் கட்டின சாரம்.

பிடரியில் துவக்கு இன்னும் அழுத்தியது.

தன்னுயிர் தனக்குச் சர்க்கரை. தவழ்ந்து போய் அலுமாரியிலிருந்து பெரிய பிஸ்கற் பெட்டியை இழுத்து நிலத்தில் கவிழ்த்தேன். எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது என் வழக்கம். முந்நூறு பொடியன்கள் இருப்பார்கள். மானிப்பாயான், குருநகரான், தொண்டைமானாற்றான். எல்லாருக்கும் ஒரே கோட்டு, ஒரே வெள்ளைப் பொத்தான்.

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. துவக்கை இறக்கச் சொல்லி, தானே என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழைத்துவிட்டேன். என்னைப்போல் ஒரு கெட்டிக்காரன் பெரியகடையிலேயே இல்லை என்று நினைத்தேன்.

சிப்பாய்கள் படங்களைப் பொறுக்கித் திரும்பவும் பெட்டிக்குள் போட்டார்கள். ஒருவன் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அதிகாரி மேலே கிடந்த படத்தை எடுத்துத் திருப்பினான். தாய்தகப்பன் இன்னொரு பிரதி கேட்டு வந்தால் தேடச் சுலபம் என்று, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், தகப்பன் பெயர், ஊர், வீடு இருக்கும் ஒழுங்கை எல்லாம் நான் எழுதி வைத்திருந்தேன்.

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“சிவ... சுப்பிர... மணியம். இணுவில்.”

பிறகு என் தோளில் தட்டினான்.

“நல்ல எழுத்து, முதலாளி.”

பயத்தில் நான், “நன்றி ஐயா” என்றேன்.