ஆறாவது போன்

“மருந்துப் புகார் பிரிவுங்களா? இருமல் மருந்து குடிச்ச மூணாம் நாளே என் பிள்ளை போயிட்டான் சார்.”

போனை எடுத்தவர் பேனாவைத் தேடி எடுத்தார். “பாட்டில்ல பேட்ச் நம்பர் இருக்கும், படிம்மா.”

படித்தாள். அதே மருந்து, அதே நம்பர். இந்த வாரத்தில் இது ஆறாவது போன்.

“இன்னும் விக்கிறாங்க சார். கடையிலதான் நிக்கிறேன். நீங்களே சொல்லுங்க.”

கடைக்காரர் போனை வாங்கினார்.

“விக்காதீங்க தம்பி.”

“நானும் பிள்ளை பெத்தவன்தான் சார். அதிகாரி கையெழுத்தோட ஒரு வரி அனுப்புங்க, இப்பவே நிறுத்திடறேன். நீங்க அதிகாரிதானே?”

அவர் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். அதிகாரி ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அந்த நாற்காலிக்கு இன்னும் யாரையும் போடவில்லை. அறையைப் பெருக்க வரும் இவரை விட்டால் போனை எடுக்கவும் ஆளில்லை.

போனுக்குள் வேறொரு பெண்குரல் கேட்டது. “அண்ணே, குழந்தைக்கு ஒரே இருமல். மருந்து ஒண்ணு குடுங்க.”